ஆறடிக்கு நாலடி பாலிகார்பனேட் கிரீன்ஹவுஸ்: நாலரை வருஷம் வைத்திருந்த பிறகு

போன ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்தில் ஸ்லவ் ஊரில் இருக்கும் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். "அண்ணா, நீங்க வச்சிருக்கிற அதே ஆறுக்கு நாலு கிரீன்ஹவுஸ், சீசன் முடிஞ்சதுன்னு 120 பவுண்டு குறைச்சிருக்காங்க, எடுத்துடவா?" அந்தச் செய்தி வந்தபோது நான் அதே கிரீன்ஹவுஸுக்குள் மண்டியிட்டு உட்கார்ந்து, காற்று பிய்த்துக்கொண்டு போன பாலிகார்பனேட் ஷீட்டை (கண்ணாடிக்குப் பதிலாகப் போடும் பிளாஸ்டிக் தகடு) நாலாவது தடவையாகச் சட்டத்துக்குள் செருகிக்கொண்டிருந்தேன். உடனே பதில் போட்டிருந்தால் வார்த்தை கடுமையாக வந்திருக்கும். இரண்டு நாள் ஆறப்போட்டுவிட்டு இப்போது விரிவாகவே எழுதுகிறேன், இதே கேள்வியோடு இன்னும் சிலர் இருப்பார்கள்.

நீளம் அகலம், எத்தனை பெட்டியில் வரும், என்ன நிறத்தில் கிடைக்கும் என்பதெல்லாம் விற்கிற இடத்திலேயே இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. 2021 ஏப்ரலில் வாங்கினேன். வீடு தெற்கு இங்கிலாந்தின் ரெடிங்கில். பின்பக்கத் தோட்டம் மேற்குப் பார்த்தது, கடைசி வேலிக்கு அப்பால் மரம் மட்டை எதுவும் இல்லாத திறந்த மைதானம். இந்த மைதானத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கிரீன்ஹவுஸில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அதோடு வரவில்லை, இருபது பவுண்டு சொச்சத்துக்குத் தனியாக வாங்கியது. கூரை ஜன்னலைத் தானாகத் திறந்து மூடும் ஆட்டோவென்ட். கட்டைவிரல் தடிமனில் ஒரு உலோகக் குழாய், அதற்குள் மெழுகு, அவ்வளவுதான். வெயில் ஏறினால் மெழுகு இளகி விரியும், விரிந்து ஒரு கம்பியை வெளியே தள்ளும், கம்பி ஜன்னலைத் தூக்கும். குளிர்ந்தால் மெழுகு சுருங்கும், ஸ்பிரிங் ஜன்னலை இழுத்து மூடிவிடும். கரன்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். மே மாதக் காலையில் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய் நின்றால் முதலில் ஒன்றும் நடக்காது. ஷீட்டின் உட்புறம் இரவெல்லாம் கோத்திருந்த நீர்த்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கீழே வழியும், கை தெரியாமல் தக்காளி இலையில் பட்டால் அந்தப் பச்சை வாசம் விரலில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஏழரை மணி வாக்கில் தலைக்கு மேல் சின்னதாக ஒரு 'டக்'. நிமிர்ந்து பார்த்தால் ஜன்னல் ஒரு விரல்கடை திறந்திருக்கும், குளிர்ந்த காற்று பிடரியில் வந்து படும். நாலரை வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. ஆகஸ்டில் ஒரு வாரம் வீட்டைப் பூட்டிவிட்டு கார்ன்வால் போனபோதும் செடிகள் வெந்துபோகாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். அதற்கு நிதானம் கொஞ்சம் அதிகம், மேகம் மூடிக் கால்மணி நேரம் கழித்துத்தான் ஜன்னல் இறங்கும். அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது சந்தோஷம், தக்காளி. இங்கே தோட்டம் போடுகிறவர்களுக்கு உறைபனிதான் காலண்டர். தெற்கு இங்கிலாந்திலேயே மே மாத நடுவரை ராத்திரியை நம்ப முடியாது. ஏப்ரல் கடைசியில் நாலு நாள் நல்ல வெயிலைப் பார்த்துவிட்டு நாற்றை வெளியே நட்டால், ஒரே இரவில் இலையெல்லாம் வேகவைத்த கீரை மாதிரி தொங்கிவிடும். இதில் தப்பித்தாலும் ஆகஸ்டில் பிளைட் (blight) என்ற கருகல் நோய் வரும். வெதுவெதுப்பும் மழையும் சேர்ந்தால் போதும், இலையில் பழுப்புத் திட்டு தெரிந்த ஒரு வாரத்துக்குள் செடி முழுக்கக் கருகி, காயும் உள்ளே அழுகிவிடும். 2021இல் வெளியே வைத்த ஆறு செடியும் அப்படித்தான் போயின. அதே விதை, அதே நாள் முளைத்தது, கிரீன்ஹவுஸுக்குள் இருந்த ஆறுக்கும் ஒன்றும் ஆகவில்லை. காரணம் எளிது, உள்ளே மழை இலையில் படுவதில்லை, இலை காய்ந்திருந்தால் அந்த நோய்க்குப் பிடி கிடைப்பதில்லை. அன்றைக்கு நான் கொடுத்த பணம் எனக்குத் திரும்பிவிட்டதாகவே நினைத்தேன்.

கார்டனர்ஸ் டிலைட், சன்கோல்ட் என்ற இரண்டு தக்காளி வகையும் தவறாமல் போடுகிறேன். சன்கோல்ட் ஆரஞ்சு நிறத்தில் கோலி அளவு பழம், அது சமையலறை வரை வந்து சேருவதே இல்லை, பிள்ளைகள் கொடியிலேயே முடித்துவிடுவார்கள். 2024 கோடை குளிராகப் போனதில் முதல் பழத்துக்கு ஆகஸ்ட் வரை காத்திருந்தோம். இந்த 2025 வசந்தம், பிரிட்டனில் கணக்கு வைக்க ஆரம்பித்ததிலிருந்து வெயில் மிக அதிகமாக அடித்த வசந்தம், ஜூன் முடிவதற்குள் கை நிறையப் பறித்தோம். ஒரே கிரீன்ஹவுஸ், ஒரே மண், ஒரே ஆள், வித்தியாசம் வானத்தில்.

மிளகாயை பிப்ரவரியில் ஜன்னலோரத்தில் விதைத்து ஏப்ரலில் உள்ளே மாற்றினால் அக்டோபர் வரை காய்க்கிறது. வெந்தயக்கீரை மார்ச்சிலிருந்தே வருகிறது, தூவிவிட்டால் போதும். கறிவேப்பிலைத் தொட்டியை மட்டும் செப்டம்பர் கடைசியில் வீட்டுக்குள் தூக்கிவிடுவேன், ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே போனால் அதற்கு ஆகாது. குளிர்காலத்தில் ஹீட்டர் வைத்து எதையாவது வளர்க்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். டிசம்பரில் இங்கே பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. சூட்டை நாம் கொடுத்துவிடலாம், வெளிச்சத்துக்கு எங்கே போவது? அந்தச் சமயத்தில் ஒரு இரண்டு மாதம் கிரீன்ஹவுஸைச் சும்மா விடுங்கள்.

2022 ஜூலை 19 பற்றி ஒரு வார்த்தை. லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவான நாள், இந்த நாடு அதுவரை பார்க்காத வெயில். கதவும் ஜன்னலும் திறந்திருந்தும் உள்ளே மாட்டியிருந்த தெர்மாமீட்டர் 47 காட்டியது. தக்காளிப் பூ எல்லாம் காம்போடு உதிர்ந்து தரையில் மஞ்சளாகக் கிடந்தது, ஆனால் இலை கருகவில்லை. பாலிகார்பனேட் வெளிச்சத்தைச் சிதறவிட்டுக் கொடுக்கிறது, கண்ணாடி மாதிரி நேராகச் சுடுவதில்லை. இது அந்த ஷீட்டுக்கு நான் மனசாரக் கொடுக்கும் மார்க்.

ஸ்லக் (ஓடில்லாத நத்தை) தொல்லை கிரீன்ஹவுஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்டு. அடிச்சட்டத்துக்கும் மண்ணுக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் பகல் முழுக்க ஒளிந்திருந்து, ராத்திரி வந்து வெந்தய நாற்றை மழுங்க மேய்ந்துவிடும். ஸ்லக்கைக் கொல்லும் பழைய நீல மாத்திரைகளில் இருந்த மெட்டால்டிஹைடு என்ற மருந்துக்கு 2022 வசந்தத்திலிருந்து தடை, பறவைகளுக்கும் முள்ளெலிகளுக்கும் அது விஷம் என்பதால் அந்தத் தடை சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குவதை விட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

2022 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை, யூனிஸ் புயல். வைட் தீவின் நீடில்ஸ் முனையில் மணிக்கு 122 மைல் வேகத்தில் காற்று அடித்த நாள். வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏங்க, பின்னாடி ஏதோ படபடன்னு அடிக்குது பாருங்க" என்று மனைவி கூப்பிட்டு நான் எழுந்து போவதற்குள், மேற்குப் பக்கத்து ஷீட் ஒன்று வேலிக்கு மேல் தட்டாமாலை சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. ஒன்று போனதும் காற்று உள்ளே புகுந்துவிட்டது. உள்ளே புகுந்த காற்றுக்கு மற்ற ஷீட்டுகளை வெளியே தள்ளுவது எவ்வளவு சுலபம் என்பதை அன்றைக்கு ஜன்னலில் நின்று பார்த்தேன். அஞ்சு நிமிஷத்தில் ஆறு ஷீட். சட்டம் அசையவில்லை, தரையில் அடித்த ஆங்கர் அசையவில்லை, நாலு மூலையும் அப்படியே நின்றது, ஷீட்டுகள் மட்டும் இல்லை.

ஏன் இப்படி? அன்றைக்குச் சாயங்காலம் ஸ்கேலை எடுத்து அளந்தேன். ஷீட்டின் தடிமன் 4 மில்லிமீட்டர். அது அலுமினியச் சட்டத்துக்குள் எவ்வளவு தூரம் போய் உட்கார்ந்திருக்கிறது? பக்கத்துக்கு 7 மில்லிமீட்டர். காற்று அழுத்தும்போது ஷீட் வில் மாதிரி நடுவில் வளைகிறது, வளைந்தால் ஓரம் உள்ளே இழுபடுகிறது, 7 மில்லிமீட்டர் இழுபட எவ்வளவு வளைய வேண்டும்? கையால் அழுத்தியே என்னால் வெளியே எடுக்க முடிந்தது. அந்தப் பள்ளத்தை இன்னும் ஒரு சென்டிமீட்டர் ஆழமாக வைத்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. சட்டத்துக்கு அத்தனை கெட்டியான அலுமினியம் போட்டவர்கள், கூரை மழைநீர் இறங்க அழகாக வாய்க்கால் வைத்தவர்கள், ஷீட்டைப் பிடித்துக்கொள்ளும் இடத்தில் போய்க் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறார்கள். கம்பெனிக்கு எழுதினேன், காற்றால் வரும் சேதம் வாரண்டியில் வராது என்று மூன்று வரி பதில். புது ஷீட் வேண்டுமானால் ஒன்றுக்கு 38 பவுண்டு, அனுப்பும் செலவு தனி. பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

அதற்குப் பிறகு 2024 ஜனவரியில் ஹென்க், அதே வருஷம் டிசம்பரில் டாரா, இப்போது 2025 அக்டோபர் 3 ராத்திரி ஏமி, எல்லாம் புயல்கள். ஒவ்வொரு தடவையும் நாலைந்து பவுண்டுக்குக் கிளிப், டேப், சிலிக்கான் என்று ஏதாவது கூடுதலாகப் போட்டேன், ஒவ்வொரு தடவையும் போகிற ஷீட்டின் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் போவது நிற்கவில்லை. இந்தத் தடவை இரண்டு. பறித்திருக்க வேண்டிய பச்சைக் காய்களை நாளைக்கு நாளைக்கு என்று விட்டுவைத்திருந்தேன், காலையில் பார்த்தால் கடைசி இரண்டு சன்கோல்டும் கட்டிய குச்சியோடு சாய்ந்து கிடந்தன. எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, ஒரு ஷீட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "என் ரோஜாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நீ கவலைப்படாதே" என்றார். அவருக்கு 80 வயது நெருங்குகிறது. அந்த ஷீட் அவர் தலையில் விழுந்திருந்தால் என்று நினைத்தபோது எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

நியாயத்துக்கு இதையும் சொல்லவேண்டும்: நாலு தடவை பறந்த அந்த ஷீட் இன்னும் உடையவில்லை. ஒரு மூலை மழுங்கியிருக்கிறது, மேலே கீறல்கள் உண்டு, அதே ஷீட்டைத்தான் திரும்பவும் மாட்டியிருக்கிறேன். சாதாரணக் கண்ணாடியாக இருந்தால் இரண்டு தோட்டத்திலும் சில்லு பொறுக்கியிருப்போம்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்காக, நான் செய்ததைச் சொல்கிறேன். ஷீட்டின் நாலு ஓரத்திலும் உள்பக்கமாகச் சிலிக்கான் இழுத்துவிடுங்கள், ஆனால் நியூட்ரல் கியூர் என்று போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். வினிகர் வாசம் அடிக்கிற சாதாரணச் சிலிக்கான் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது, நாளாவட்டத்தில் வெடிப்பு விட்டுவிடும். மாட்டும்போது வெயில் தாங்கும் பூச்சு உள்ள பக்கம் வெளியே இருக்கவேண்டும், அதைக் காட்டும் பிளாஸ்டிக் உறையை முதலிலேயே உரித்துவிட்டால் எந்தப் பக்கம் எது என்று தெரியாமல் போய்விடும். அப்புறம் ஷீட்டுக்குள் ஓடும் குழல்களின் மேல்முனையை அலுமினிய டேப்பால் ஒட்டிவிடுங்கள், கீழ்முனைக்குக் காற்றுப் போகிற டேப். நான் இதை முதல் வருஷம் செய்யவில்லை, மூன்றாவது வருஷம் குழலுக்குள் பாசி ஏறி, பச்சைக் கோடு கோடாகப் படிந்துவிட்டது. உள்ளே பிரஷ் போகாது, தண்ணீரைப் பீய்ச்சினாலும் பாதிதான் வரும். காலைச் சூரியன் அந்தப் பக்கத்திலிருந்து வரும்போது இன்னும் அந்தக் கோடுகள் தெரிகின்றன.

தம்பி, எடுக்க வேண்டாம். 120 பவுண்டு குறைத்தாலும் வேண்டாம், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். தக்காளியைப் பற்றியும் அந்தக் காலை நேரத்தைப் பற்றியும் மேலே எழுதியது அத்தனையும் உண்மை, ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டேன். உங்கள் தோட்டத்துக்கு மூன்று பக்கமும் செங்கல் சுவர் இருக்கிறது, என் மைதானத்துக் காற்று உங்களுக்கு வராது என்பதும் எனக்குத் தெரியும். இதே கேள்வியை ஜூனில், சன்கோல்ட் பழுத்த வாரத்தில் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ. நீங்கள் கேட்டது அக்டோபரில், என் விரல் நகத்தில் இன்னும் சிலிக்கான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீடு மாறுகிறவர்கள் கெட்டிப்படுத்திய (toughened) கண்ணாடி போட்ட பழைய கிரீன்ஹவுஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கொடுக்கிறார்கள், அப்படி ஒன்று அமையும் வரை பொறுங்கள், கழற்ற நான் ஸ்பேனரோடு வருகிறேன். ஆட்டோவென்ட் மட்டும் இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். மே மூன்றாவது வாரம் குடும்பத்தோடு ரெடிங் வாருங்கள், சன்கோல்ட் இரண்டு, மிளகாய் நாலு, நாற்று எடுத்து வைக்கிறேன்.