பள்ளத்துக் குளிர்: கைப்பேசி முன்னறிவிப்பா, தோட்டத்து வெப்பமானியா?

ரப்பர் இலையுதிர்ந்து தளிர்விடும் தை, மாசியில், குளிரும் பனிமூட்டமும் தளிரைத் தாக்கும் சாம்பல் நோயைத் தூண்டுவதால், அதைத் தடுக்கக் கந்தகத் தூள் தூவும் நாளைக் குறிக்க, கைப்பேசியில் வரும் வானிலை முன்னறிவிப்பு, தோட்டத்து வெப்பமானி ஆகிய இவ்விரண்டில் எதை நம்புவது என்று கன்னியாகுமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கத்து விவசாயிகள் தயங்குகிறார்கள்.

தயக்கத்துக்குக் காரணம் மலையே. மேகமும் காற்றும் இல்லாத இரவில் சரிவுகள் வெப்பத்தை இழக்க, அவற்றை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, ஓடைநீர் போல இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்வதால், வெயில் ஏறும்வரை அக்குளிர் கலைவதில்லை.

துல்லியம்: நிலத்தைச் சுமார் 12 கிலோமீட்டர் கட்டங்களாகப் பகுத்து முன்னறிவிப்பைக் கணிக்கும் கணினி மாதிரியில் குறுகிய பள்ளத்தாக்கு மறைந்துவிடுகிறது, 2025இல் வந்த 6 கிலோமீட்டர் மாதிரிக்கும் ஓர் ஓடைப்பள்ளம் மிகச் சிறியதே. வெப்பமானி அந்தப் பள்ளத்தையே அளக்கிறது.

செலவு: முன்னதற்கு இல்லை, பின்னதற்கு ஒருமுறை மட்டும்.

முன்கூட்டி அறிதல்: முன்னறிவிப்பு வரும் நாள்களைச் சொல்லும்; வெப்பமானி கழிந்த இரவை மட்டுமே சொல்லும்.

நாகர்கோவிலைச் சூழ்ந்த சமவெளிக்கு முன்னறிவிப்பே போதும். மலையடிவாரத் தோட்டத்துக்கு இரண்டும் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து: நிழலில், ஆளுயரத்தில் தொங்கவிட்ட வெப்பமானியின் அளவை இரண்டு வாரம் குறித்து, தெளிந்த இரவுகளில் முன்னறிவிப்பைவிட எத்தனை பாகை குறைகிறது என்று கண்டு, அதை அடுத்த முன்னறிவிப்பிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.