பிரிப்பதா, பெயர்ப்பதா, விடுதியாக்குவதா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைக் கடந்து போனால், சுவரில் சாய்த்து வைத்த தேக்குத் தூண்கள் கண்ணில் படும். போன முறை அங்கே ஒரு நிலைக்கதவைத் தொட்டுப் பார்த்தேன். மேற்கட்டையில் கஜலட்சுமி, ஓரத்தில் சுண்ணாம்புக் காறை இன்னும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த ஊர், யார் வீடு என்று கேட்டேன். கடைக்காரருக்கும் தெரியவில்லை.

இப்படிப் பிரித்து விற்கப்படுபவை செட்டிநாட்டுப் பெரிய வீடுகள். எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் அவை பரவிக் கிடக்கின்றன. பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940களுக்கும் இடையில், பர்மா, மலேயா, இலங்கை வணிகத்தில் வந்த பணத்தில் எழுந்தவை. 2014இல் இந்த ஊர்த் தொகுப்பு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள் இருக்கிறார்கள், ஆளுக்கொரு ஊரில். மழைக்கு ஒழுகும் அந்த வீட்டை என்ன செய்வது என்று அவர்கள் கூடிப் பேசும்போது மூன்று வழிகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. நான்காவது ஒன்றும் இருக்கிறது. அதைப் பேசுபவர்கள் குறைவு.

முதல் வழி, பிரித்து விற்பது. பணம் உடனே கைக்கு வரும், பங்கு பிரிப்பதும் எளிது. மரம் வீணாகவில்லையே, வேறொரு வீட்டுக்குத்தானே போகிறது என்பார்கள். தூணும் கதவும் போகின்றன, உண்மை. சுவர் போவதில்லை. செங்கல் சுவரும், சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சும் இடிபாடாகிக் குப்பைக்குப் போகின்றன. காலி மனையில் கான்கிரீட் எழும்ப, சிமென்டும் கம்பியும் புதிதாக வாங்க வேண்டும். அந்தச் சுவருக்குள் சித்திரை வெயிலைத் தாங்க நாள் முழுக்க ஏசி ஓட வேண்டும். சுற்றுச்சூழல் கணக்கில் இதைவிட நட்டமான வழி இல்லை. கூரை விழுந்து, சுவரும் சரிந்துபோன வீட்டில் மிஞ்சிய மரத்தைக் காப்பாற்றுவது வேறு. அதை நான் குறை சொல்லவில்லை.

இரண்டாவது, வேறிடத்துக்குப் பெயர்த்து வைப்பது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஒரு செட்டிநாட்டு வீடு அப்படித்தான் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் முகப்பில் நின்று அண்ணாந்து பார்ப்பதைக் கண்டால் மனம் நிறைகிறது. காரைக்குடிப் பக்கம் ஒருநாளும் வர வாய்ப்பில்லாத பிள்ளைகள் அவர்கள். ஆனால் இது ஒன்றிரண்டு வீடுகளுக்கான வழி. மேலும், அந்த வீட்டின் கூரைத் தண்ணீர் வளவில், அதாவது நடுவே வானம் பார்த்த முற்றத்தில், இறங்கி, வடிகாலில் ஓடி, ஊருணிக்குப் போகிற ஏற்பாடு ஊரோடு சேர்ந்தது. அதைப் பெயர்த்து எடுத்துச் செல்ல முடியாது.

மூன்றாவது, விடுதி. இன்றைக்கு எல்லோர் வாயிலும் வருவது இதுதான். கானாடுகாத்தான் விசாலம், கடியாபட்டி சிதம்பர விலாஸ், காரைக்குடி பங்களா எனப் பெயர் பெற்ற இடங்கள் இருக்கின்றன. கோத்தமங்கலத்தில் 1910இல் கட்டிய சாரதா விலாஸை இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் செப்பனிட்டு விருந்தினர்களுக்குத் திறந்தார்கள். வருமானம் வருவதால் கூரைக்கு ஆள் வருகிறது. சுண்ணாம்பு இழைக்கத் தெரிந்த கொத்தனாருக்கும் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் வார்ப்பவருக்கும் வேலை கிடைக்கிறது. ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை கிடையாது. கண்ணாடிப் பலகையில் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் வைத்து அழுத்தி, தண்ணீரில் ஊறவிட்டுக் காயவைப்பதோடு சரி. உடைந்த ஒரு கல்லுக்குப் பதில் பக்கத்து ஊரிலேயே இன்னொன்று கிடைப்பது சின்ன விஷயமில்லை.

விடுதியாக்குவதில் கெடுவது பெரும்பாலும் குளியலறையில்தான். வளவைச் சுற்றியுள்ள அறைகள் சிறியவை. குடும்பத்தில் மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று என்று, பெட்டகம் வைக்கவும் சடங்குக்குமாகக் கட்டியவை. அங்கே குழாயைச் சுவருக்குள் பதித்துச் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்குகிறது. சுண்ணாம்பு மூச்சு விடும், சிமென்ட் விடாது. இரண்டு மூன்று மழைக்காலத்தில் பூச்சு உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். நான் தங்கிய ஒரு விடுதியில் வளவின் திறப்பையே ஒளி ஊடுருவும் தகட்டால் மூடியிருந்தார்கள். மழைச் சாரல் அடிக்காது என்பது அவர்கள் காரணம். காலை பதினொரு மணிக்கே உள்ளே நிற்க முடியவில்லை. வெக்கை மேலேறி வெளியே போகிற வாசலை அடைத்துவிட்டு, அறைக்கு அறை ஏசி வைத்திருந்தார்கள். நூறு ஆண்டு முன்பு கட்டியவர் இலவசமாகக் கொடுத்த காற்றை மாதா மாதம் மின்கட்டணம் கட்டி வாங்குகிறார்கள். எனக்கு அன்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

எனவே விடுதி நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. வளவு திறந்திருக்கிறதா, குளியலறைகள் பின்கட்டில் தனியாக எழுந்தனவா, கூரைத் தண்ணீர் எங்கே போகிறது என்ற மூன்றையும் பார்த்தால் போதும். அப்படிச் சரியாகச் செய்தாலும், எல்லா வீடுகளையும் நிரப்பும் அளவுக்குச் சுற்றுலாப் பயணிகள் வரப்போவதில்லை.

நான் முன்வைப்பது நான்காவது வழி: வீட்டைப் பாதியாகப் பயன்படுத்துவது. முகப்பும் வளவும் பங்காளிகளின் கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் அப்படியே இருக்கட்டும். வளவுக்குப் பின்னுள்ள இரண்டாங்கட்டையும் மேல்வீட்டையும் வாடகைக்கு விடலாம்: நெசவுக்கூடம், பலகாரம் செய்யும் கூடம், நூலகம், நான்கு அறை விருந்தினர் இல்லம், எது அந்த ஊருக்குப் பொருந்துகிறதோ அது. சினிமாப் படப்பிடிப்புக்கு நாள் வாடகைக்கு விடும் வீடுகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் அது வருகிற மாதம் வரும், வராத மாதம் வராது. நிலையான வாடகைதான் கூரையைக் காக்கும். விடுதி அளவுக்கு முதலீடு வேண்டாம். எல்லாப் பங்காளிகளும் உரிமையை விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். பல குடும்பங்களில் பேச்சு முறிவது அந்த இடத்தில்தான். கணக்கு வழக்கை ஒருவர் பொறுப்பேற்றுப் பார்க்க வேண்டும். அது கிடைக்காத வீட்டில் இந்த வழி நடக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எந்த வழியில் போனாலும், முதல் வருமானம் வரும்வரை வீடு நிற்க வேண்டும். வெள்ளையடிப்பும் விளக்கும் பிறகு. உடைந்த நாட்டு ஓட்டைப் பிரித்து மாற்றுவது, மழைநீர்த் தூம்பில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுப்பது, வளவு வடிகாலில் அடைத்த சருகை அள்ளுவது, இந்த மூன்றும் ஐப்பசி பிறக்கும் முன் முடிந்தாக வேண்டும்.