வீட்டிலிருந்தே ஸ்கேன் படம் பார்ப்பது: நெடுநாள் அனுபவம்

இரவில் வரும் அவசர சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைப் பல வருடங்களாக வீட்டிலிருந்தே பார்த்து ரிப்போர்ட் கொடுக்கிறேன். முதலில் ரிமோட் டெஸ்க்டாப்பில், அதாவது மருத்துவமனைக் கணினியின் திரையை வீட்டில் காட்டும் மென்பொருளில், பார்த்தேன். அப்புறம் பிரவுசரில் திறக்கும் வெப் வியூவருக்கு மாறினேன். இனி பழையதற்குத் திரும்ப மாட்டேன்.

முக்கியக் காரணம் மூளை சி.டி. சி.டி.யில் அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் காற்று -1000, தண்ணீர் 0. மூளையின் வெண்பகுதிக்கும் சாம்பல் பகுதிக்கும் இடையே சுமார் 10 புள்ளிதான் வித்தியாசம். பக்கவாதம் வந்த முதல் சில மணி நேரத்தில் அந்த வித்தியாசம் மங்குவதுதான் நமக்குக் கிடைக்கும் தடயம். ரிமோட் டெஸ்க்டாப் திரையை வீடியோ போலச் சுருக்கி அனுப்புகிறது. இணையம் மந்தமானால் முதலில் அழிவது இந்த நுணுக்கம்தான். டைகாம் (மருத்துவப் படங்களுக்கான பொதுத் தரம்) தரவையே கொண்டுவரும் வியூவரில் விண்டோவை, அதாவது கறுப்பிலிருந்து வெள்ளை வரை காட்டும் அளவின் எல்லையை, அகலம் 80, மையம் 40 என்று வைத்துப் பார்க்கலாம், அகலத்தை இன்னும் குறுக்கலாம், உடனே எலும்புக்கு மாற்றலாம். மானிட்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இது எதுவும் முடியாது.

சில வியூவர்கள் முதலில் தரம் குறைந்த படத்தைக் காட்டிவிட்டுப் பிறகு முழுத் தரத்துக்கு மாறும். மாறிவிட்டதா என்று திரையில் தெரிய வேண்டும். அந்த அடையாளம் இல்லாத வியூவர் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

வேகம் என்றதும் எல்லோரும் இணைய இணைப்பு எத்தனை Mbps என்று கணக்குப் பார்க்கிறார்கள். 512×512 அளவுள்ள ஒரு சி.டி. ஸ்லைஸ் (உடலின் ஒரு குறுக்குவெட்டுப் படம்) சுமார் அரை எம்.பி.; 600 ஸ்லைஸ் என்றால் 300 எம்.பி. நல்ல பிராட்பேண்டுக்கு இது பெரிய சுமை இல்லை. உண்மையில் படுத்துவது தாமதம். ஒவ்வொரு ஸ்லைஸையும் கேட்டு வாங்கும் வியூவரில் ஸ்க்ரோல் திக்கித் திக்கி நகரும், சின்ன முடிச்சு (சிறு கட்டி) கண்ணில் படாமலே போய்விடும். அடுத்த ஸ்லைஸ்களை முன்கூட்டியே இறக்கி வைக்கும் வியூவர்தான் எனக்குச் சரிப்படும்.

மொபைலில் பெரிய ரத்தக்கசிவைப் பார்த்து அறுவை மருத்துவரை எழுப்பலாம். மெல்லிய நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது) கோட்டுக்கு டைகாமின் சாம்பல் நிறத் தரத்துக்கு ஏற்பச் சரிசெய்த மானிட்டரும் மங்கலான அறை வெளிச்சமும் வேண்டும்.

இன்னும் தீராத குறை பழைய படங்கள். வேறு மருத்துவமனையில் எடுத்த சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் டிஸ்க்கில்தான் இருக்கிறது. அது வராமல், நுரையீரல் முடிச்சு வளர்ந்திருக்கிறதா என்ற கேள்விக்கு என் ரிப்போர்ட்டில் பதில் எழுத முடிவதில்லை.