என்.எம்.எம்.எஸ். கைடு: இரண்டு பிள்ளைகள் படித்து முடித்த பிறகு

நேற்று மச்சான் போன் பண்ணினார். மருமகள் இந்த வருஷம் எட்டாவது, என்.எம்.எம்.எஸ். (தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வு) எழுதப்போகிறாள். "உங்க வீட்ல ஒரு சிவப்பு அட்டை கைடு கிடந்துச்சே மாப்ள, அதோட புதுப் பதிப்பு இப்ப விலை குறைச்சுப் போட்டிருக்கானாம். வாங்கலாமா?" என்று கேட்டார். வாங்கலாம் என்றும் சொன்னேன், வேண்டாம் என்றும் சொன்னேன். "ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்று போனை வைத்துவிட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பதிப்பகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சிவப்பு அட்டையில் வரும் கைடு ஒன்றா இரண்டா.

தேர்வைப் பற்றித் தெரியாதவர்கள் குறைவு. மனத்திறனுக்கு 90 கேள்வி, படிப்பறிவுக்கு 90 கேள்வி, தாளுக்கு 90 நிமிஷம், இரண்டும் ஒரே நாளில். தப்பாக எழுதினால் மார்க் குறையாது. தேறினால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மாதம் 1000 ரூபாய், ஆக மொத்தம் 48,000. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். வீட்டு வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. லேத் பட்டறையில் வேலை பார்க்கும் எனக்கு அந்தக் கவலை வந்ததே இல்லை.

2021 கடைசியில் மூத்தவளுக்காக வாங்கினேன், 280 ரூபாய். அவளுக்குப் பிறகு சின்னவனும் அதிலேயே படித்தான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். மனத்திறன் பகுதியை எழுதியவர் யாரோ, அவருக்குப் பிள்ளைகளைத் தெரிந்திருக்கிறது. எண் தொடர், எழுத்துத் தொடர், ஒத்த தொடர்பு, திசை, வென் படம், மறைந்திருக்கும் உருவம் என்று ஒவ்வொன்றையும் சுலபத்தில் தொடங்கி மெல்ல மெல்ல இறுக்கிக்கொண்டு போகிறார். கண்ணாடியில் தெரியும் கடிகாரத்துக்கு ஒரு வழி சொல்கிறார்: 11 மணி 60 நிமிஷத்திலிருந்து கழி. கண்ணாடியில் 8:20 தெரிந்தால் உண்மையான மணி 3:40. இதைப் படித்த வாரம் சின்னவனை முடிவெட்டக் கூட்டிப்போனேன். சலூனில் கடிகாரம் நம் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருக்கும், எதிரே கண்ணாடியில்தான் தெரியும். கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் கண்ணாடியைப் பார்த்து மணி சொன்னான். கடைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான்டா சொல்ற" என்றார். அதற்குப் பிறகு முடி வெட்டி முடிக்கும் வரை அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி சொல்லிக்கொண்டே இருந்தான். 280 ரூபாயில் பாதி அன்றைக்கே வசூலாகிவிட்டது.

நீர் பிம்பத்துக்கு மூத்தவள் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் எழுத்து அட்டையை நிறுத்திப் பார்த்தாள். இரண்டு நாள் தாம்பாளம் சமையலறைக்குத் திரும்பவில்லை. கைடோடு பத்து மாதிரி ஓ.எம்.ஆர். தாள், அதாவது வட்டத்தை நிழலிட்டு விடை குறிக்கும் தாள், வைத்திருந்தார்கள், அதுவும் உபயோகம்தான். பேனாவால் வட்டத்தை நிழலிட்டால் அழிக்க முடியாது என்பது நாலு தாளைக் கெடுத்த பிறகுதான் பிள்ளைக்குக் கை படியும்.

இனி என் வயிற்றெரிச்சல்.

பக்கம் 61, கேள்வி 34. 2, 6, 12, 20, 30, அடுத்தது என்ன? விடைகள்: 36, 40, 42, 44. ராத்திரி நான் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூத்தவள் பென்சிலால் 42 என்று குறித்திருந்தாள். வித்தியாசம் 4, 6, 8, 10 என்று போகிறது, அடுத்தது 12, ஆக 42. ஓரத்தில் அந்தச் சின்ன எண்களையும் எழுதி வைத்திருந்தாள். அப்புறம் பின்னால் புரட்டி விடையைப் பார்த்தாள். ரப்பரை எடுத்தாள். 42ஐ அழித்துவிட்டு 40 என்று குறித்தாள்.

"ஏம்மா அழிச்ச?"

"புக்ல ரெண்டாவதுன்னு போட்டிருக்குப்பா."

"நீ போட்டது எப்படி வந்துச்சு?"

சொன்னாள். தெளிவாகச் சொன்னாள். "அப்ப அதுதானே சரி?" என்றேன். "புக்ல எப்படிப்பா தப்பாப் போடுவாங்க?" என்றாள்.

நான் படித்தது பத்தாவது. ஆனால் பட்டறையில் 42 மி.மீ. என்று வரைபடத்தில் இருக்கும் தண்டை 40க்குக் கடைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இரும்பை மறுபடி ஒட்ட முடியாது, குப்பையில்தான் போகும். அந்த ராத்திரி நானும் அவளும் உட்கார்ந்து அந்த அத்தியாயம் முழுக்கச் சரிபார்த்தோம். அறுபது கேள்வியில் மூன்று விடை தப்பு. மூன்றுதானே என்று நீங்கள் சொல்லலாம். எந்த மூன்று என்று தெரிந்தால் நானும் அப்படியே சொல்வேன். விளக்கம் எதுவும் கிடையாது, பின்னால் வெறும் 1-3, 2-1, 3-4 என்று எறும்பு வரிசை மாதிரி எண்கள். எந்த எறும்பு கடிக்கும் என்று கையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அச்சுப்பிழை எங்கேயும் வரும். அரசுத் தேர்வுகள் இயக்ககமே முதலில் தற்காலிக விடைக்குறிப்பு என்று வெளியிட்டு, ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்கிறது. என் கோபம் பிழையின் மேல் இல்லை. கைடின் முதல் பக்கத்தில் இருந்த போன் நம்பருக்கு மூன்று தடவை அடித்துச் சொன்னேன். "குறிச்சுக்கிட்டோம் சார், அடுத்த பதிப்புல மாத்திடுவோம்" என்றார்கள். மூன்று தடவையும் நல்ல மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

பைண்டிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பசை ஒட்டிய பைண்டிங், விரித்துப் போட்டால் தானாக மூடிக்கொள்ளும். அமுக்கினால் முதுகு விடும். ஆறு மாதத்தில் கடைசி இருபது பக்கம் கையோடு வந்துவிட்டது. அதுதான் விடைப் பகுதி. ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஸ்பைரல் போட்டேன், 50 ரூபாய். கடைக்காரர் அந்த இருபது பக்கத்தையும் சேர்க்கவா என்று கேட்டார். வேண்டாம் என்று மடித்து வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அது பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது.

இந்தக் கைடு எங்கள் வீட்டில் உருப்படியானது அப்புறம்தான். விடை கையில் இல்லாததால் சின்னவன் ஒவ்வொன்றுக்கும் எனக்குக் காரணம் சொல்ல வேண்டி வந்தது. ராத்திரி நான் பக்கங்களை எடுத்து வருவேன். அவன் சொல்வான், நான் பார்ப்பேன், ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு பேரும் உட்கார்ந்து போடுவோம். மூத்தவள் தப்பு விடைகளைப் பென்சிலால் திருத்தி வைத்திருந்தாள், அதுவும் உதவியது. ஒரே ஒரு இடம் தவிர. எல்லாப் பக்கமும் பெயிண்ட் அடித்த கனசதுரத்தை 64 துண்டாக வெட்டினால், இரண்டு பக்கம் மட்டும் பெயிண்ட் உள்ள துண்டு எத்தனை? கைடில் 24 என்று இருந்தது. இவள் அதை அடித்துவிட்டு 48 என்று எழுதியிருந்தாள்: பன்னிரண்டு ஓரம், ஓரத்துக்கு நாலு. சின்னவன் விடவில்லை. "ஓரத்துல ரெண்டு கடைசியும் மூலைக்கா. அதுல மூணு பக்கம் பெயிண்ட் இருக்கும். நடுவுல ரெண்டுதான்." அரை மணி நேரம் சண்டை. கடைசியில் அவன் சோப்புக் கட்டியை எடுத்துக்கொண்டு கத்தியைத் தேடப்போனதும் அவள் ஒத்துக்கொண்டாள். கைடுக்கு அன்றைக்கு ஒரு மார்க் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டேன்.

படிப்பறிவுப் பகுதிக்கு இதை நம்ப வேண்டாம். அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20 என்று கேள்வி வரும். எல்லாம் ஏழாவது, எட்டாவது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பாடத்துக்கு நடுவே 'உங்களுக்குத் தெரியுமா?' என்று கட்டம் போட்டிருப்பார்களே, பிள்ளைகள் தாண்டிப் போவார்களே, அதையும் விடாமல் படிக்க வேண்டும். கைடுக்காரன் அதைச் சுருக்குகிறேன் என்று பாதியைத் தின்றுவிட்டான். மூத்தவள் பாடப்புத்தகத்தைத்தான் படித்தாள், தேறினாள். சின்னவன் மனத்திறனில் அவளை விடக் கெட்டி. ஆனால் சமூக அறிவியலுக்குக் கைடு போதும் என்று இருந்துவிட்டான், பட்டியலில் பெயர் வரவில்லை. இதில் கைடுக்கு எவ்வளவு பங்கு, அவனுக்கு எவ்வளவு பங்கு என்று நான் பிரிக்கப்போவதில்லை.

பத்தாவது போனபோதும், விடை எப்படி வந்தது என்று ஓரத்தில் எழுதி வைக்கும் பழக்கம் மூத்தவளை விடவில்லை. பதினொன்றாவதிலும் உதவித்தொகை தொடர வேண்டுமென்றால் பொதுத்தேர்வில் 60 சதவீதம் வேண்டும், 500க்கு 300. அது வந்துவிடும் என்று தெரியும், இருந்தாலும் எனக்குத்தான் பயம். கணக்கில் ஒரு மார்க் கேள்வி பதினாலும் போட்டு முடித்தால், விடையைப் பார்க்கும் முன்பே பக்கத்தில் எப்படி வந்தது என்று ஒரு வரி எழுதிவிடுவாள். இன்னொன்று, அந்தத் தாளில் கட்டாயமாக எழுத வேண்டிய அஞ்சு மார்க் கேள்வியின் எண் 42. தேர்வு முடிந்து வந்ததும் அவள் சொன்ன முதல் விஷயமே, "அப்பா, 42 சரியாப் போட்டுட்டேன்" என்பதுதான். அவள் அம்மாவுக்கு நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று புரியவில்லை.

இவ்வளவு எழுதிய பிறகு, மச்சானுக்கு வாங்கச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மனத்திறன் பகுதிக்காக மட்டுமே தாராளமாக வாங்கலாம். அதைச் சொல்லும் முன் ஒரு எட்டுப் போய்ப் பார்ப்போம் என்று இன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போனேன். புது அட்டை, இப்போது நீலம். மேலே 'திருத்தப்பட்ட புதிய பதிப்பு' என்று கொட்டை எழுத்து. விலை 210. பைண்டிங் அதே பசை. பக்க எண் கொஞ்சம் தள்ளியிருந்தது, தேடிப் பிடித்தேன். 2, 6, 12, 20, 30. பின்னால் புரட்டினேன்.

34-2.

மச்சான், வாங்காதீங்க. ஞாயிற்றுக்கிழமை மருமகளைக் கூட்டிக்கொண்டு வாங்க. பழைய கைடை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன், ஸ்பைரல் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த இருபது பக்கம் மட்டும் என் பீரோவிலேயே இருக்கட்டும்.