ஜப்பானில் குழுப் பயணம்: ஜேஆர் பாஸா, தனித்தனி டிக்கெட்டா?

ஆள் கூடினால் பாஸ் மலிவாகும் என்ற எண்ணத்தோடு ஜப்பான் பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் முதலில் அறிய வேண்டியது, ஜப்பான் ரயில்வேயின் (ஜேஆர்) ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு விருப்பம்போல் பயணிக்க உதவும் நாடு தழுவிய ஜேஆர் பாஸில் குழுத் தள்ளுபடி என்று ஒன்று கிடையாது என்பதே. 29,650 யென்னாக இருந்த ஏழு நாள் சாதாரண வகுப்புப் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென்னாக உயர்ந்தது. அதற்கு முன்பு எழுதப்பட்ட பயணக் குறிப்புகளின் கணக்கு இப்போது உதவாது. 6 முதல் 11 வயது வரையான சிறுவருக்குப் பாஸிலும் டிக்கெட்டிலும் பாதி விலைதான் என்பதால், குழந்தைகள் இருப்பதும் இந்த ஒப்பீட்டை மாற்றாது.

டோக்கியோவிலிருந்து கியோட்டோ, அங்கிருந்து ஹிரோஷிமா, பிறகு டோக்கியோ திரும்புதல் என்ற வழக்கமான பாதைக்கு, அதிவேக நொசோமி ரயிலில் முன்பதிவு இருக்கையோடு தனித்தனியே டிக்கெட் வாங்கினால் ஒருவருக்குச் சுமார் 45,500 யென் ஆகும். நரிட்டா விமான நிலைய விரைவு ரயிலில் போய்வர ஆகும் ஆறாயிரத்துச் சொச்சத்தையும் சேர்த்தால் பாஸ் மயிரிழையில் முந்துவதுபோல் தோன்றும். ஆனால் பாஸ் வைத்திருப்பவர் நொசோமியில் ஏறத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். டோக்கியோ–கியோட்டோ ஒரு வழிக்கே அது 4,960 யென். அதைத் தவிர்க்க, தனிக் கட்டணம் இல்லாத ஹிக்காரி என்ற அதிவேக ரயிலில் போனால், ஹிரோஷிமா செல்லப் பெரும்பாலும் ஷின்-ஒசாகாவிலோ ஷின்-கோபேயிலோ இறங்கிச் சகுரா என்ற இன்னொரு அதிவேக ரயிலுக்கு மாற வேண்டும். தனியாளுக்கு இது பொருட்டில்லை. எட்டுப் பேர், பன்னிரண்டு பெட்டிகள், அதில் இருவர் முழங்கால் வலிக்காரர்கள் என்றால் கதை வேறு.

பாஸின் இன்னொரு குறை, தொடர்ச்சியான ஏழு நாட்களுக்கு ஒருவர் பெயருக்கே அது செல்லும் என்பது. களைத்த பெரியவர்கள் ஒருநாள் கியோட்டோவிலேயே தங்கிவிட்டால் அவர்களுடைய அந்த நாள் வீண். வேறொருவர் அதைப் பயன்படுத்தவும் முடியாது. தொலைந்தால் மறுபடி தரமாட்டார்கள் என்பதால், எல்லாருடைய பாஸையும் ஒரே கைப்பையில் போட்டுக்கொள்ளும் நம் குடும்பத் தலைவர்கள் சற்று யோசிக்க வேண்டும்.

பாஸ் உண்மையிலேயே வெல்வது, போகுமிடத்தை அன்றன்று மாற்றிக்கொண்டு நாள்தோறும் நெடுந்தொலைவு ஓடும் சிறு குழுவுக்குத்தான். மற்றவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு: டோக்கியோ–கியோட்டோ போய்வர மட்டும் நொசோமி டிக்கெட் (சுமார் 28,300 யென்), மேற்குப் பகுதிக்கு 17,000 யென் விலையில் ஐந்து நாள் கன்சாய் (கியோட்டோ, ஒசாகா வட்டாரம்)–ஹிரோஷிமா பாஸ். இந்த வட்டாரப் பாஸில் ஷின்-ஒசாகாவுக்கும் ஹிரோஷிமாவுக்கும் இடையே நொசோமியில் கூடுதல் கட்டணமின்றிப் போகலாம். மியாஜிமா தீவுக்கான ஜேஆர் படகும் இதில் அடக்கம். ஹிரோஷிமா வேண்டாம் என்று கியோட்டோவிலேயே இருந்துகொள்பவர்களுக்கு இந்தப் பாஸை வாங்காமலே விட்டுவிடலாம்.