செஸ்னா 152-ஆ, 172எஸ்-ஆ: எதில் கற்றுக்கொள்வது?

விமானம் ஓட்டும் பயிற்சிக்குச் சேர்ந்தபோது செஸ்னாவின் இந்த இரண்டு சிறு விமானங்களையும் காட்டி எது வேண்டும் என்றார்கள். 152-இன் உற்பத்தி 1985-லேயே நின்றுவிட்டது, ஆக இன்று பறக்கிற எந்த 152-உம் நாற்பது வயதைத் தொட்ட கிழம்தான். ஆனாலும் அதைத்தான் எடுத்தேன், இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 172எஸ்-இல் நான்கு இருக்கை, 180 குதிரைத்திறன். 152-இல் இரண்டு இருக்கை, 110. பெட்ரோல் 152-க்கு மணிக்கு 23 லிட்டர் போதும், 172எஸ் 30-க்கு மேல் கேட்கும். நீங்களும் இன்ஸ்ட்ரக்டரும் ஆளுக்குத் தொண்ணூறு கிலோ என்றால் 152-இல் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்புவதை மறந்துவிடுங்கள், எடை கூடிவிடும்.

என்னைப் பொறுத்தவரை விஷயமே கார்புரேட்டர்தான். பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் அந்தக் கருவி 152-இல் உண்டு, 172எஸ் இஞ்செக்‌ஷன். பைலட் உரிமத்துக்கான டெக்னிக்கல் ஜெனரல் தேர்வுக்குக் கார்புரேட்டர் ஐசிங்கை, அதாவது அதற்குள் பனி கட்டுவதை, மனப்பாடம் செய்தபோது இதெல்லாம் குளிர் தேசத்துச் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். கார்புரேட்டருக்குள் குறுகலான வென்ச்சுரியில் காற்றின் அழுத்தம் குறைகிறது, அதே இடத்தில் பெட்ரோலும் ஆவியாகிறது, இரண்டும் சேர்ந்து உள்ளே அவ்வளவு குளிர்ந்துவிடுவதால் வெளியே 38 டிகிரி வெயில், ஈரப்பதம் 50 சதவீதம் என்றாலும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டில் பனி கட்டி வழியை அடைக்கலாம்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை, 2300-இல் நின்ற ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு என்ஜின் எத்தனை சுற்று) முள் சத்தமில்லாமல் 2200-க்கு இறங்கியிருந்தது. நான் யோசிக்காமல் த்ராட்டிலைத் தள்ளப் போனேன். இன்ஸ்ட்ரக்டர் என் கையைத் தட்டிவிட்டு கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட் குமிழை முழுசாக இழுத்தார். முள் இன்னும் இறங்கியது, என்ஜின் இருமியது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. உருகின தண்ணீரை என்ஜின் விழுங்குகிறது, அவ்வளவுதான். சில நொடிகளில் சத்தம் சீராகி முள் மேலே ஏறியது. பயந்துபோய் அந்தக் குமிழைப் பாதியில் உள்ளே தள்ளியிருந்தால்? புத்தகத்தில் நாலு பக்கம் படித்தது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

172எஸ்-இல் இந்தத் தொல்லை இல்லை, பெட்ரோல் நேராக சிலிண்டர் வாசலுக்கே போய்விடுகிறது. அதன் தலைவலி வேறு. வெயிலில் இறங்கி, டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகியிருக்கும், பேட்டரி தீரும்வரை சுற்றினாலும் பிடிக்காது. சூடான என்ஜினுக்கு ப்ரைம் செய்யாதே, அதாவது ஸ்டார்ட்டுக்கு முன் பெட்ரோல் ஊட்டாதே என்று கையேடு சொல்கிறது. எனக்கு அது பாதி நாள் பலித்தது, பாதி நாள் இல்லை. 172-இல் நான் பறந்தது பதினைந்து மணி நேரத்துக்குள்தான் என்பதால் குறை என் கையிலும் இருக்கலாம்.

முதன்முதலாகத் தனியாகப் பறக்கும் சோலோ வரை 152, அப்புறம் 172-க்கு மாறிக்கொள்ளுங்கள். கார்ப் ஹீட் இழுத்தால் ஆர்.பி.எம். எவ்வளவு இறங்குகிறது என்று கிளம்பும் முன் என்ஜினைச் சோதிக்கும் ரன்-அப்பில் தினமும் பார்த்து வையுங்கள், ஒவ்வொரு 152-க்கும் அது கொஞ்சம் மாறும்.