பேட்டரி மாத்தணும்னு சொன்னா உடனே சரின்னு சொல்லாதீங்க: 4,250 ரூபாய் போச்சு

வயிறு எரியுது, அதான் உடனே எழுதுறேன். ராயபுரம் பக்கம் ஒரு டூவீலர் எலக்ட்ரிக்கல் கடை. பேர் வேணாம். 4,250 ரூபாயை வாங்கிட்டு நல்லா இருந்த பேட்டரியையும் கழட்டி வெச்சுக்கிட்டாங்க. வண்டியைக் கடையில விடுறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்னு கீழே சொல்றேன்.

செல்ஃப் அழுத்தினா மோட்டார் முனகுது, ஹெட்லைட் மங்குது, அவ்வளவுதான் கம்ப்ளெயின்ட். கடைக்காரர் பேட்டரியில மல்டிமீட்டர் வெச்சு செல்ஃபை அழுத்தச் சொன்னார். 11.6 வோல்ட். "பாருங்கணா, 12 கூட நிக்கல, பேட்டரி அவுட்டு. ஆர்ஆர் யூனிட்டையும் சேர்த்து மாத்திடுங்க." (ஆர்ஆர்னா ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர், பேட்டரிக்குப் போற சார்ஜைக் கட்டுப்படுத்துறது.) மீட்டரையே கண்ணு முன்னாடி திருப்பிக் காட்டினா யாரா இருந்தாலும் நம்புவாங்க. பேட்டரி 1,850, யூனிட் 1,600, கூலி 800.

செல்ஃப் இழுக்கும்போதும் 11.6 நிக்குதுன்னா அது தெம்பான பேட்டரி. செத்ததா இருந்தா 9.6-க்குக் கீழே சரிஞ்சிருக்கும். பேட்டரிக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் நடுவழியில எங்கேயோ வோல்டேஜ் விழுதுங்கறது அந்த மீட்டர்லயே தெரியுது!

அதே வாரம் மறுபடியும் முனகல். கேட்டா "புது பேட்டரி செட்டாகணும்ணா". அப்புறம் "ஓனர் வெளிய போயிருக்காரு". கடைசியா "எலக்ட்ரிக்கல் பார்ட்ஸ் ரிட்டர்ன் கிடையாது". இப்போ போனே எடுக்கறதில்ல.

மீட்டரை டிசி 20-ல வெச்சு, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ்ல (கேபிள் நுனியில இருக்கற உலோக வளையம், அதாவது லக்குல இல்ல, பேட்டரியோட ஈயத்துலயே), சிவப்பு முனையை பெயின்ட் இல்லாத இன்ஜின் போல்ட்டுல வெச்சு செல்ஃப் அழுத்தினா 0.2, மிஞ்சிப்போனா 0.3 வோல்ட் வரலாம். என் வண்டியில வந்தது 1.8. எர்த் கேபிளை (பேட்டரி நெகட்டிவ்லருந்து இன்ஜினுக்குப் போறது) கழட்டினா, வெளியே பளபளன்னு இருந்த லக்கு உள்ளே முழுக்கப் பச்சைக் களிம்பு. காசிமேட்டு உப்புக்காத்துல நிக்கிற வண்டிக்கு இது சகஜம். புது லக் அடிச்சு, போல்ட் உட்காருற இடத்தை உப்புத்தாள்ல தேய்ச்சு, வாசலின் தடவி முறுக்கினதும் 0.1. நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்ச வேலைக்கு 4,250 ரூபாய்!

செல்ஃப் அழுத்தாம, லைட் போடாம அளக்காதீங்க. கரண்ட் ஓடினாத்தான் வோல்டேஜ் விழறது தெரியும். பேட்டரி பிளஸ்ஸுக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் நடுவுலயும் அளங்க. அழுத்தின பிறகு 0.5-க்கு மேல வந்தா ரிலே, கேபிளைப் பாருங்க. 5,000 ஆர்பிஎம்ல பேட்டரியில 14 வோல்ட் கிட்ட வந்தா ஆர்ஆர் யூனிட்டைத் தொட விடாதீங்க. பழைய பேட்டரியைக் கையோட வாங்கிடுங்க, அதுக்கு எக்ஸ்சேஞ்ச் காசு உண்டு. என்னோடதைக் கேட்டா இன்னும் தர மாட்டேங்கிறாங்க.